பழைய நிரலில் பெயர்ச் சண்டை: ஈஎஸ்லின்ட் எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது

ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கருவியான ஈஎஸ்லின்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் புது நிரல் எழுதுகிறவர்கள். அரைப்புள்ளி விட்டுப்போனால் சொல்லும், இடைவெளியைச் சீர்செய்யும் என்று பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையால் எனக்குக் காலணாப் பயனில்லை. மொரிஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன இணையதளங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வாடகைக் கார், கடலோர விடுதி, துணிக்கடை, கோயில் சங்கம் என்று, ஜேக்வரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கட்டப்பட்டு இன்னமும் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடும் பக்கங்கள்தான் என் கைக்கு வருகின்றன. அவற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் நோய் ஒன்றுதான். இரண்டு பேர் ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்திருப்பார்கள். சில வேளை அந்த இரண்டாவது ஆள் உலாவியேதான். இந்தச் சண்டையைத் தீர்க்க ஈஎஸ்லின்ட் எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: 2002-இல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஜேஎஸ்லின்ட் என்ற சரிபார்ப்பானை வெளியிட்டார். அது அவருடைய ரசனையை நம் தலையில் கட்டும். பிடிக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அதிலிருந்து கிளைத்த ஜேஎஸ்ஹின்ட் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. 2013 ஜூனில் நிக்கோலஸ் சக்காஸ் தொடங்கிய ஈஎஸ்லின்டில் ஒவ்வொரு விதியும் தனித்தனி. வேண்டியதை ஏற்றலாம், வேண்டாததை இறக்கலாம், இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம். இலவசம். பழைய நிரலுக்கு இந்த ஏற்றி இறக்கும் வசதிதான் உயிர். பரிந்துரை விதிகளை மொத்தமாக ஏற்றி ஒரு பழைய கோப்பின்மேல் ஓட்டினால் திரை முழுக்கச் சிவந்துவிடும். அதில் முக்கியமானதைத் தேடியே பொழுது போய்விடும். நான் நாலைந்து விதிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை.

இங்கே ஒரு தீவுச் சங்கதி சொல்ல வேண்டும். என் கைக்கு வரும் பழைய கோப்புகளில் மாறிகளின் பெயர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். பெயருக்கு 'நோம்', நிலைக்கு 'ஸ்டாட்யூ', அழிப்பதற்கு 'எஃபாசே'. மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு ஆரம்பத்தில் இவை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தன. ஆனால் அந்தப் பழக்கம் எழுதியவர்களுக்கே தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறது. உலாவி தனக்கென்று எடுத்து வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம்: நேம், ஸ்டேட்டஸ், டாப், பேரன்ட், லெங்த், ஈவென்ட், ஹிஸ்டரி, லொக்கேஷன். பழைய ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷனுக்கு வெளியே 'வார்' போட்டு அறிவிக்கும் மாறி எதுவானாலும் விண்டோ என்ற பெரிய பொருளில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். உலாவியின் சொந்தப் பெயர்கள் குடியிருப்பதும் அங்கேயே. பிரெஞ்சில் பெயர் வைத்தவர்கள் அந்த வீட்டுக்காரரோடு மோதாமல் பிழைத்துப் போனார்கள்.

கெட்டது எப்போது என்றால், பிறகு வந்த யாரோ 'சுத்தம் செய்கிறேன்' என்று எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கியபோது.

ஒரு கோயில் சங்கத்தின் தைப்பூசக் காவடிப் பதிவுப் பக்கம் அப்படிச் சுத்தம் செய்யப்பட்டது. காவடி இங்கே பொது விடுமுறை. கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு நடக்கும். குடும்பத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அந்தப் பக்கம் எண்ணிச் சமையல்கட்டுக்கு ஒரு பட்டியல் அனுப்பும். செயலாளர் போனில் கிரியோலில் புலம்பினார். இரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள், பட்டியலில் ஒன்பது இலை விழுகிறது.

"அந்த இரண்டு பேர் யார், ஐயா?"

"மாலா, சிவா. ஏனம்மா, பெயரில் என்ன இருக்கிறது?"

பெயரில்தான் இருந்தது. வருகிறவர்களின் பட்டியலை வைத்திருந்த 'நோம்' என்ற மாறி 'நேம்' ஆகியிருந்தது. விண்டோவின் நேம் என்பது உலாவி அந்தத் தாவலுக்கு வைத்திருக்கும் பெயர். அது எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் இருக்கும். அதில் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தால் உலாவி முணுமுணுக்காமல் நடுவில் காற்புள்ளி போட்டு ஒட்டிச் சரமாக்கிவிடும். பிறகு நீளம் எவ்வளவு என்று கேட்டால் ஆட்களை எண்ணாது, எழுத்துகளை எண்ணும். மாலா நான்கு, காற்புள்ளி ஒன்று, சிவா நான்கு, ஆக ஒன்பது. ரோமன் எழுத்தில் அடித்தாலும் நான்கு, தமிழில் அடித்தாலும் துணைக்காலையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் நான்கு. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விண்டோவின் நேம் பக்கத்தைப் புதுப்பித்தாலும் அழியாது. தாவலை மூடும்வரை தங்கியிருக்கும். சங்க அலுவலகக் கணினியில் நாள் முழுக்க ஒரே தாவல். காலையில் வந்த குடும்பத்தின் பெயர்கள் அடுத்து வந்த குடும்பத்தின் பக்கத்தில் எட்டிப் பார்த்ததற்கு அதுதான் காரணம். அதை ஆவி விவகாரமாக ஒருவர் விளக்கியதாகவும் கேள்வி.

இதே பெயர் ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவிக்கப்பட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வெளியே இருந்ததுதான் வினை.

இந்தக் கோப்பை ஈஎஸ்லின்டிடம் கொடுத்தால் உடனே பிடித்துவிடும் என்று நினைப்பீர்கள். பிடிக்காது. கருவியின்மேல் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான். 2024-இல் வந்த 9-ஆம் பதிப்பில் அமைப்புக் கோப்பின் வடிவமே இயல்பாக மாறிப்போனது. அந்தப் புது வடிவத்தில் 'சோர்ஸ்டைப்', அதாவது கோப்பு எந்த வகை, என்ன என்று நாம் சொல்லாவிட்டால், எல்லா ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் அது மாட்யூல் என்று எடுத்துக்கொள்ளும். மாட்யூலில் மேல்மட்ட மாறி அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும், விண்டோவில் ஒட்டாது. ஆகவே நேம் என்று வைத்தாலும் சண்டைக்கே இடமில்லை என்று ஈஎஸ்லின்ட் முடிவுகட்டி, சுத்தமான கோப்பு என்று சான்றிதழ் கொடுத்துவிடும். நம் கோப்போ மாட்யூல் அல்ல, வெறும் ஸ்கிரிப்ட்.

சோர்ஸ்டைப்பில் 'ஸ்கிரிப்ட்' என்று கொடுங்கள். அடுத்து, 'குளோபல்ஸ்' என்ற பொதியிலிருந்து உலாவிப் பெயர்ப் பட்டியலை இறக்கி அமைப்புக் கோப்பில் சேருங்கள்; உலாவிக்கு என்னென்ன பெயர்கள் சொந்தம் என்று ஈஎஸ்லின்டுக்கு அப்போதுதான் தெரியும். பிறகு, ஏற்கனவே உள்ள பெயரை மறுபடி அறிவித்தால் கத்தும் 'நோ-ரீடிக்ளேர்' விதியை ஏற்றுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் 'நேம்' ஏற்கனவே உள்ளமைந்த பொதுப் பெயர் என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். சங்கத்தின் கோப்பில் நேம், ஸ்டேட்டஸ், டாப் மூன்றும் ஒரே ஓட்டத்தில் வந்து விழுந்தன. ஸ்டேட்டஸும் நேமைப் போலத்தான், எதை வைத்தாலும் சரமாக்கிவிடும். டாப் அதைவிட அழுத்தக்காரப் பேர்வழி. என்ன மதிப்பு கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் தள்ளிவிட்டுப் பழையபடியே இருக்கும்.

பிரெஞ்சில் எழுதினால் தப்பலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிரெஞ்சில் வாடகைக்கு 'லொக்காசியோன்' என்பார்கள். எழுத்துக் கூட்டினால் ஆங்கில லொக்கேஷனேதான். இந்தத் தீவில் விமான நிலையத்திலிருந்து கிராண்ட் பே வரை வழிநெடுகப் பலகைகளில் தொங்கும் சொல் அது. ஒரு வாடகைக் கார்க்காரரின் தளத்தில், தேர்ந்தெடுத்த வண்டியின் பெயரை அந்தப் பெயருள்ள பொது மாறியில் வைக்கும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. உலாவிக்கோ லொக்கேஷன் என்றால் பக்கத்தின் முகவரி. அதில் எதை வைத்தாலும் அந்த முகவரிக்குக் கிளம்பிவிடும். வாடிக்கையாளர் டொயோட்டாவைத் தொட்டால் 'டொயோட்டா' என்ற இல்லாத பக்கத்துக்குப் போய் நிற்கும். மேலே சொன்ன மூன்று அமைப்புகளோடு ஓட்டியபோது ஈஎஸ்லின்ட் இதையும் பிடித்தது. அதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

அடுத்து, அறிவிக்காத பெயர்களைப் பிடிக்கும் 'நோ-அன்டெஃப்' விதி. ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அறிவிக்காமல் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது. தானே ஒரு பொது மாறியை உண்டாக்கிக் கொடுத்துவிடும். சுழற்சி எண்ணுக்கு 'ஐ' என்று எழுதி 'வார்' போட மறந்த இரண்டு ஃபங்ஷன்கள், ஒன்றுக்குள் ஒன்று அழைக்கப்பட்டால், இரண்டும் ஒரே 'ஐ'யை இழுத்துக்கொண்டு ஓடும். உள்ளே இருப்பது பத்துவரை எண்ணி முடித்ததும் வெளியே இருப்பது தானும் முடித்துவிட்டதாக எண்ணி நின்றுவிடும். பட்டியலில் முதல் வரி மட்டும் தெரிகிறது, மற்றவை காணோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இதைத்தான். நோ-அன்டெஃப் இத்தகைய பெயர்களை ஒன்றுவிடாமல் கொட்டிவிடும். முதல் ஓட்டத்தில் ஜேக்வரியின் பெயரையும், டாலர் குறியையும், பக்கத்துக் கோப்பிலுள்ள ஃபங்ஷன்களையும்கூடக் குற்றவாளி என்று சேர்த்தே கொட்டும். அவற்றைக் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு வரியாக எழுதி அறிமுகப்படுத்த வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அந்த வேலையை முடிக்கும்போது எந்தக் கோப்பு எதை நம்பி நிற்கிறது என்ற வரைபடம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

இந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. உலாவிப் பட்டியலில் நேம், ஈவென்ட் எல்லாம் இருப்பதால், ஃபங்ஷனுக்குள் 'வார்' போடாமல் நேமுக்கு மதிப்புக் கொடுத்தால் நோ-அன்டெஃப் 'தெரிந்த பெயர்தானே' என்று விட்டுவிடும். அதற்கு, உள்ளமைந்த பொதுப் பெயருக்கு மதிப்புக் கொடுப்பதைப் பிடிக்கும் 'நோ-குளோபல்-அசைன்' விதியைத் துணைக்கு வைத்தேன். 'கன்ஃப்யூசிங்-பிரவுசர்-குளோபல்ஸ்' என்று ஒரு சிறு பொதியும் இருக்கிறது. குழப்பம் விளைவிக்கும் உலாவிப் பெயர்களின் பட்டியல் அது. 'நோ-ரெஸ்ட்ரிக்டட்-குளோபல்ஸ்' விதியோடு இணைத்தால் அந்தப் பெயர்களை விண்டோ என்ற முன்னொட்டு இல்லாமல் தொடவே விடாது.

இதுவரை ஒரு கோப்புக்குள் நடக்கும் சண்டை. கோப்புக்கும் கோப்புக்கும் நடக்கும் சண்டையில் ஈஎஸ்லின்ட் கையை விரித்துவிடுகிறது. ஒவ்வொரு கோப்பையும் அது தனித்தனியாகத்தான் படிக்கிறது. அதே கார்க்காரரின் தளத்தில் வாடகைக் கணக்குக் கோப்பு 'டோட்டல்' என்ற பெயரில் தொகையை வைத்திருந்தது. படக்காட்சிக் கோப்பு அதே பெயரில் படங்களின் எண்ணிக்கையை வைத்திருந்தது. வண்டிக்கு 6 படம் இருந்தால் வாடகை 6 ரூபாய். இரண்டு கோப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளைகள். ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குள் பொதிந்த ஸ்கிரிப்டுகளைப் பார்க்க ஒரு செருகுநிரல் உண்டு, அது ஒரே பக்கத்திலுள்ள துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும். வெளிக் கோப்புகள் என்று வந்துவிட்டால் அதுவும் உதவாது.

இந்த இடத்தில் ஈஎஸ்லின்டை ஓரமாக வைத்துவிட்டு உலாவிக்குள்ளேயே இருக்கும் பழுதுபார்ப்புக் கருவிப்பெட்டியான டெவ்டூல்ஸைத் திறக்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஏறியிருக்கும் எல்லாக் கோப்புகளிலும் ஒரு சொல்லைத் தேடலாம். ஆனால் 'டோட்டல்' போன்ற சொல்லுக்கு அது பக்கம் பக்கமாகக் கொட்டும். அதைவிட நல்ல வழி, அந்தப் பெயருக்கே காவல் போடுவது. விண்டோவில் 'டோட்டல்' என்ற பெயரை 'டிஃபைன் ப்ராப்பர்ட்டி' மூலம் முதலிலேயே அறிவித்து, யார் மதிப்பு எழுத வந்தாலும் 'டிபக்கர்' என்ற கட்டளையில் நிற்கும்படி ஒரு செட்டரும், வைத்த மதிப்பைத் திருப்பிக் கொடுக்க ஒரு கெட்டரும் எழுதுங்கள். பக்கத்தின் முதல் ஸ்கிரிப்டாக இது ஏற வேண்டும். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது பக்கத்தைப் புதுப்பித்தால், எழுத வருகிற ஒவ்வொருவரிடமும் நிரல் நிற்கும். வலப்பக்கத்து அழைப்பு அடுக்கில் எந்தக் கோப்பு, எந்த வரி, யார் அழைத்தது எல்லாம் தெரியும். அதே பெயரில் ஃபங்ஷன் அறிவித்திருக்கும் கோப்பு வந்தால் நிற்பதற்குப் பதில் அந்தக் கோப்பே பிழை காட்டி ஏறாமல் போகும். அதுவும் ஒரு வாக்குமூலம்தான்.

எந்தப் பெயர் என்றே தெரியாத நேரத்தில் இன்னொரு வழி உண்டு. வெற்று ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) ஒன்றை உருவாக்கி, அதன் விண்டோவில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று எடுத்து, நம் பக்கத்தின் விண்டோவோடு கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதெல்லாம் நம் கோப்புகள் கொட்டிவைத்தவை. கார்க்காரரின் பக்கத்தில் மிஞ்சியதைப் படித்தபோது ஒரு சிறு கிராமத்து வாக்காளர் பட்டியலைப் படித்தது போல இருந்தது.

டாலர் குறிச் சண்டையும் கோப்புகளுக்கு இடையே நடப்பதுதான். லைட்பாக்ஸ் என்ற படக்காட்சி நிரலின் ஒரு பழைய பதிப்பு ப்ரோட்டோடைப் என்ற நூலகத்தின்மேல் நின்றது. படக்காட்சிக்காக அதைச் சேர்த்திருப்பார்கள், தேதிப் பெட்டிக்காக ஜேக்வரியைச் சேர்த்திருப்பார்கள். இரண்டுக்கும் டாலர் குறிதான் பெயர். யார் கடைசியில் ஏறுகிறாரோ அவர் பேச்சுதான் செல்லும். இந்தத் தீவில் வரிசை என்பது சாதாரண விஷயமல்ல. 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்துவிட்டதென்று அச்சிட்ட தாள்களையே திரும்பப் பெற்ற ஊர் இது. ஸ்கிரிப்ட் வரிசைக்கு அவ்வளவு ரகளை தேவையில்லை. ஜேக்வரியின் 'நோ-கான்ஃப்ளிக்ட்' டாலரை முந்தைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

ஈஎஸ்லின்டின் கண்ணுக்கே படாத இடம் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று ஹெச்டிஎம்எல்லில் நேரடியாக எழுதிய 'ஆன்-கிளிக்'. சங்கத்துப் பக்கத்தில் 'எஃபாசே' என்ற ஃபங்ஷன் படிவத்தைத் துடைக்கும். சுத்தக்காரர் அதை 'க்ளியர்' ஆக்கினார். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கன்சோலில் ஒரு பிழைகூட இல்லை. ஆன்-கிளிக்குக்குள் எழுதிய பெயரை உலாவி முதலில் அந்தப் பொத்தானில் தேடும், பிறகு படிவத்தில், பிறகு டாக்யுமென்டில், கடைசியாகத்தான் விண்டோவில். டாக்யுமென்டிலோ 'க்ளியர்' என்று ஒன்றுக்கும் உதவாத பழைய ஃபங்ஷன் ஒன்று இன்னமும் குந்தியிருக்கிறது. அழைப்பு அங்கேயே போய் அடங்கிவிட்டது. படிவத்துப் பொத்தானுக்கு 'சப்மிட்' என்று பெயர் வைத்தால் படிவத்தை அனுப்பும் ஃபங்ஷனே மறைந்துபோவதும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

இன்னோர் எச்சரிக்கை. ஆன்-கிளிக்கிலிருந்து மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன்களை 'நோ-அன்யூஸ்டு-வார்ஸ்' விதி 'பயனற்றது' என்று சொல்லும். நம்பி அழித்துவிடாதீர்கள். கோப்பின் தலையில் 'எக்ஸ்போர்ட்டட்' குறிப்பு எழுதினால் வாயை மூடிக்கொள்ளும்.

'வார்' எல்லாவற்றையும் 'லெட்' ஆக்கினால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் வந்த லெட் மேல்மட்டத்திலும் விண்டோவில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே பெயரை அறிவித்து, அதில் ஒன்று லெட்டாக இருந்தால், பின்னால் வரும் கோப்பு முழுவதுமே ஏறாது. 'ஏற்கனவே அறிவிக்கப்பட்டது' என்று நின்றுவிடும். எனக்கு இந்த முரட்டுத்தனம் பிடிக்கும். 6 ரூபாய்க்குக் கார் கொடுப்பதைவிடப் பக்கம் உடைந்து கிடப்பது மேல். ஆனால் காவடிக்கு முந்திய வாரத்தில் செய்கிற வேலையல்ல இது.

இந்தச் சண்டைக்கு மொழியை வகுக்கிறவர்களே தப்பவில்லை. பட்டியலைத் தட்டையாக்கும் புதிய வசதிக்கு 'ஃப்ளாட்டன்' என்று பெயர் வைக்க நினைத்தார்கள். மூட்டூல்ஸ் என்ற பழைய நூலகம் அந்தப் பெயரை எப்போதோ எடுத்துக்கொண்டிருந்ததால் பழைய தளங்கள் உடையும் என்று 2018-இல் தெரிந்து, கடைசியில் 'ஃப்ளாட்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

மதிப்பெண் கேட்டால் பழைய நிரலுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மதிப்பெண் மாட்யூல் என்ற அந்த இயல்பு அமைப்புக்காகக் குறைத்தது. இன்னொரு முழு மதிப்பெண், கோப்புகளைச் சேர்த்துப் பார்க்காததற்காக. ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றிரண்டுதான், அதுவும் சின்னது என்றால் இதை நிறுவவே வேண்டாம், டெவ்டூல்ஸ் போதும். பத்துப் பதினைந்து கோப்புகள் என்றால் நிறுவுங்கள். 9-ஆம் பதிப்புக்கு, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருளான நோட் 18.18-ஆவது வேண்டும். கணினி பழசாக இருந்து அது ஏறாவிட்டால் 8-ஆம் பதிப்பு ஓடும். பராமரிப்பு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆனால் நான் சொன்ன விதிகள் எல்லாம் அதிலும் இருக்கின்றன. அதன் பழைய அமைப்பு வடிவத்தில் சோர்ஸ்டைப் இயல்பாகவே ஸ்கிரிப்ட்தான். கார்க்காரரின் மேசைக் கணினியில் இப்போது ஓடுவது அந்தப் பதிப்புதான்.